வீட்டுத் தோட்டத்தில் காயும் கனியும்: வெயில் பார்ப்பதிலிருந்து விதை எடுப்பது வரை

வீட்டில் தோட்டம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விதையை வாங்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வெயிலை. ஒரு நாள் காலையில் தொடங்கி மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, எந்த இடத்தில் நேரடி வெயில் விழுகிறது, எந்த இடத்தைச் சுவரின் நிழலும் மரத்தின் நிழலும் மறைக்கின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பீர்க்கு, வெள்ளரி, பூசணி போன்று காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர வெயில் வேண்டும். 8 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவை 4 அல்லது 5 மணி நேரத்தில் ஓரளவு விளையும். கீரைகள், கொத்தமல்லி, புதினா ஆகியவற்றுக்கு 3 முதல் 4 மணி நேரம் போதும். நிழலில் வைத்த தக்காளிச் செடி ஒல்லியாக உயர்ந்துகொண்டே போகும், ஆனால் பூக்காது. எவ்வளவு உரம் போட்டாலும் அந்தக் குறை தீராது. பருவம் மாறும்போது நிழலும் இடம் மாறும் என்பதால், இந்தக் கணக்கை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது திரும்பப் பார்ப்பது நல்லது.

இடம் எவ்வளவு இருந்தாலும் முதல் பருவத்தில் ஒரே ஒரு பாத்தியோடு தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள பாத்தி போதும். 4 அடி அகலம் என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்டும். பாத்திக்குள் காலை வைக்கவே தேவை இருக்காது. காலால் மிதிபட்ட மண் இறுகிவிடும், இறுகிய மண்ணுக்குள் காற்றும் வேரும் நுழையா. தரை இல்லாதவர்கள் தொட்டியிலும் பையிலும் வளர்க்கலாம். கீரைக்கு 6 அங்குல ஆழமும், மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஒரு அடி ஆழமும் வேண்டும். தக்காளிக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு இருந்தால் நல்லது. அடியில் நீர் வடியத் துளைகள் இல்லாத எந்தப் பாத்திரத்திலும் செடி வைக்கக் கூடாது.

மண்ணைத் தயார் செய்தல்

உங்கள் மண் எப்படிப்பட்டது என்று அறிய ஒரு கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மறுநாள் புட்டியைப் பார்த்தால் மூன்று அடுக்குகளும் தெளிவாகத் தெரியும். மணல் அடுக்கு மிகுந்திருந்தால் அந்த மண்ணில் நீரும் சத்தும் நிற்காது. களி மிகுந்திருந்தால் சத்து இருக்கும், ஆனால் நீர் வடியாது. வியப்பான செய்தி என்னவென்றால், இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து ஒன்றுதான்: நன்கு மக்கிய உரம். அது மணலில் நீரைப் பிடித்து வைக்கும், களியில் இடைவெளியை உண்டாக்கும். களிமண்ணைச் சரிசெய்வதாக நினைத்து மணலைக் கொட்டுபவர்கள் உண்டு. கொஞ்சமாகக் கலந்தால் அது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும்.

வடிகாலையும் சோதித்துவிடுங்கள். ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து நீர் நிரப்பி, அது வற்றியதும் மீண்டும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் மேட்டுப்பாத்தி அமைப்பதே வழி. தரையிலிருந்து 8 அங்குலமாவது பாத்தி உயர்ந்திருக்க வேண்டும். புதுப் பாத்தியில் 2 அங்குலத் தடிமனுக்கு மக்கிய தொழுஉரத்தையோ மண்புழு உரத்தையோ பரப்பி, மேல் 6 அங்குல மண்ணோடு கலந்து, நீர் தெளித்து ஒரு வாரம் விட்டுவிட்டுப் பிறகு நடுங்கள். பச்சைச் சாணத்தை நேரடியாகப் போடக் கூடாது. அது வேரைக் கருக்கும். நோய்க்கிருமிகளும் அதில் இருக்கலாம் என்பதால், மண்ணைத் தொட்டு விளையும் காய்களுக்கும் கீரைகளுக்கும் அறுவடைக்கு நான்கு மாதங்கள் முன்பாகவாவது அது மண்ணில் சேர்ந்திருக்க வேண்டும்.

உரத்தை வீட்டிலேயே செய்துகொள்வது கடினமில்லை. காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு, சமையலறைக் காய்கறிக் கழிவு ஒரு பங்கு என்ற அளவில் அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கைப்பிடி மண் தூவி வாருங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 3 அடி அளவுக்கு வந்தால் உள்ளே 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி விரைவாக மக்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் சருகைச் சேர்க்க வேண்டும், பொடியாக உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். நாற்றம் அடித்தால் அது காற்று இல்லாததன் அடையாளம். கிளறிவிட்டுச் சருகைக் கூட்டினால் இரண்டு நாளில் மாறிவிடும். இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், பால்பொருள் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம். மழை பெய்த மண்ணின் மணம் வந்து, போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாமல் போன பிறகுதான் அது உரம். பாதி மக்கியதைப் போட்டால், மீதியை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும். செடி சில வாரங்களுக்கு வெளிறி நிற்கும்.

விதையும் நாற்றும்

பழைய விதை கையில் இருந்தால் பாத்தியில் தூவும் முன் பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். ஏழுக்கு மேல் முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். ஐந்துக்குக் கீழே என்றால் அடர்த்தியாக விதைக்க வேண்டும், அல்லது புது விதை தேட வேண்டும். விதையின் தடிமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி மெல்லிய மண்போர்வை இட்டால் சரி. ஆழப் புதைத்த கீரை விதை பெரும்பாலும் மேலே வருவதில்லை. வெண்டை, பாகல், பீர்க்கு ஆகியவற்றின் தோல் கடினமானது என்பதால் 8 முதல் 12 மணி நேரம் ஊற வைத்து விதைக்கலாம்.

வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி, கேரட், கீரைகள், கொடிக்காய்கள் ஆகியவற்றை நேரடியாக இடத்திலேயே விதையுங்கள். வேர் அசைந்தால் இவை வாடும், கேரட்டோ கவைவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை நாற்று விட்டு நடுவதே வழக்கம். தக்காளி நாற்று 25 முதல் 30 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாளை ஒட்டியும் நடவுக்குத் தயாராகும். நாற்றங்காலில் நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தண்டின் அடியில் நூல்போல் இற்றுச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். அதிக ஈரமும் நெருக்கமும்தான் அதற்கு இடம் கொடுக்கின்றன. நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நாற்றுகளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி, மாலை வேளையில் நடுங்கள். தக்காளி நாற்றை மட்டும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதிவரை மண்ணில் புதைக்கலாம். புதைந்த தண்டு முழுவதும் வேர் விடும். மற்றவற்றை நாற்றங்காலில் இருந்த அதே ஆழத்தில் நட வேண்டும்.

இடைவெளி விடுவதில்தான் எல்லோருக்கும் மனம் வருவதில்லை. சிறு நாற்றுகளுக்கு நடுவே வெறும் மண் தெரிவதைப் பார்த்தால் இன்னும் நாலு நடலாமே என்று தோன்றும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 2 அடி, மிளகாய்க்கு ஒன்றரை அடி, வெண்டைக்கு ஒரு அடி விட்டே ஆக வேண்டும். நெருக்கி நட்ட ஆறு தக்காளிச் செடிகளைவிட இடம்விட்டு நட்ட மூன்று செடிகள் அதிகம் காய்க்கும், ஏனெனில் காற்று புகாத இலைக்கூட்டத்தில்தான் பூஞ்சணம் பரவுகிறது. ஊன்றுகோலையும் பந்தலையும் நடும் அன்றே அமைத்துவிடுங்கள். வளர்ந்த பிறகு குச்சியை இறக்கினால் வேர் அறுபடும்.

நீர்

வீட்டுத் தோட்டத்தில் நீர் போதாமல் செத்த செடிகளைவிட நீர் மிகுந்து செத்த செடிகளே அதிகம் என்பது நான் பல பருவங்களில் கண்டது. நான் முதன்முதலாக வைத்த மிளகாய்ச் செடிகளுக்கு ஒவ்வொரு மாலையும் அன்போடு நீர் ஊற்றினேன். இலை மஞ்சளாகித் தலை தொங்கியபோது இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பேறி, தொட்டதும் தோல் உரிந்து வந்தது. நீர் நிரம்பிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுவிட முடியாத வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் வறட்சியில் வாடும் செடியும் வெள்ளத்தில் வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கின்றன.

இரண்டையும் பிரித்தறியும் கருவி விரல். நடுவிரலை இரண்டாவது கணு வரை, அதாவது ஏறத்தாழ 2 அங்குலம், மண்ணுக்குள் இறக்குங்கள். நுனியில் குளிர்ச்சியும் ஈரமும் தெரிந்து, விரலை எடுக்கும்போது மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்து உதிர்ந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது வேர்வரை இறங்கும்படி நிறைய, நிதானமாக ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே படர்ந்து, ஒரு நாள் வெயிலைக்கூடத் தாங்காமல் போகும். நண்பகலில் இலை சற்றுத் தொங்கி மாலையில் தானே நிமிர்ந்தால் கவலை இல்லை. விடியற்காலையில் தொங்கி நின்றால்தான் உண்மையான தாகம். காலையில், இலை நனையாமல், தூரில் ஊற்றுவதே சிறந்தது. தொட்டிகள் விரைவில் காய்வதால் கோடையில் அவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிவிழுவதைப் பலர் பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். அது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து எட்டாததால் வரும் குறை. மண்ணில் அந்தச் சத்து பெரும்பாலும் இருக்கும். நீரோடு சேர்ந்துதான் அது காய்க்குப் போகும் என்பதால், சில நாள் காயவிட்டுச் சில நாள் வெள்ளமாக ஊற்றும்போது தடைபடுகிறது. பழம் வெடிப்பதும் இதே ஒழுங்கின்மையால்தான். மூடாக்கு இதற்கு நல்ல தீர்வு: காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது 2 முதல் 3 அங்குலத் தடிமனுக்கு மண்மேல் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் 2 அங்குலம் வெறுமையாக விட்டுவிடுங்கள். நீர்த் தேவை குறையும், களையும் முளைக்காது.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தழைச்சத்து இலைக்கு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேருக்கும் பூவுக்கும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) காய்க்கு என்பது தோராயமான கணக்கு. கரும்பச்சையாகக் கொழுத்து, பூக்காமல் நிற்கும் செடிக்குத் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள், உரத்தை நிறுத்துங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை செடிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய உரம் போதும்.

பூ காயாகும் நேரம்

கொடிக்காய்களில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் கீழே சுண்டுவிரல் நுனியளவில் ஒரு பிஞ்சு இருக்கும்; ஆண் பூவுக்கு வெறும் காம்பு மட்டுமே. முதலில் பெரும்பாலும் ஆண் பூக்களே வருவதால், முதல் இரண்டு வாரம் பூக்கள் உதிர்வதைக் கண்டு கலங்க வேண்டாம். பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் தேனீ வரவில்லை என்று எடுத்துக்கொண்டு, நீங்களே மகரந்தம் சேர்க்கலாம். பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும். அப்போது புதிதாக மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைப் பின்னுக்கு மடக்கினால் நடுவில் மஞ்சள் பொடி பூசிய தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் உள்ள பிளவுபட்ட முடியின்மேல் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பளபளப்பு கூடிப் பருக்கத் தொடங்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பூக்களில் இரண்டு உறுப்பும் ஒன்றாகவே இருப்பதால் காற்றோ வண்டின் அதிர்வோ போதும்; காலையில் பூக்காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டாலும் காய் பிடிக்கும். ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்களில் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். அது உங்கள் தவறில்லை. வெப்பம் தணிந்ததும் காய்க்கும்.

பூச்சியும் நோயும்

மருந்தைத் தேடுவதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான தொல்லைகள் இலையின் அடிப்பக்கத்திலும் தளிர் நுனியிலும்தான் தொடங்குகின்றன. செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினியும் மாவுப்பூச்சியும் சிறு கூட்டமாக இருக்கும்போதே நீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும். எறும்பு வரிசை செடியில் ஏறுகிறதென்றால் மேலே எங்கோ அசுவினி இருக்கிறது, அதன் இனிப்புக் கழிவுக்காகவே எறும்பு அதைக் காக்கிறது. கூட்டம் பெருகினால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, தேனீக்கள் போன பிறகு மாலையில் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும். பொறிவண்டும், கறுப்பு முதலைக்குட்டி போன்ற அதன் புழுவும் அசுவினியைத் தின்பவை. அவற்றைக் கண்ட செடியில் எதையும் அடிக்காமல் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

கத்தரியில் மற்ற இலைகள் நிமிர்ந்திருக்க ஒரு தளிர் மட்டும் துவண்டு தொங்கினால், அந்தத் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிறு புழு இருக்கும். துவண்ட பகுதிக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி அழித்துவிட வேண்டும். அன்று விட்டுவிட்டால் அதன் அடுத்த தலைமுறை காய்க்குள் இருக்கும். தக்காளியிலும் மிளகாயிலும் இலை சுருண்டு செடி குட்டையாகிவிட்டால் அது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி (வைரஸ்). அதற்கு மருந்து இல்லை, செடியைப் பிடுங்கிவிடுவதுதான் மற்ற செடிகளுக்குச் செய்யும் உதவி. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம் என்பதால், இவற்றில் ஒன்று விளைந்த பாத்தியில் அடுத்த பருவம் இன்னொன்றை வைக்காதீர்கள். பீன்சோ தட்டைப்பயறோ வைத்து, முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டிவிட்டால், வேர்முடிச்சுகளில் உள்ள தழைச்சத்து மண்ணிலேயே தங்கும்.

பழ மரங்கள்

விதையிலிருந்து வளரும் எலுமிச்சையும் மாவும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தாய் மரத்தின் குணம் மாறியும் போகலாம். ஆகவே கொய்யா, மாதுளை, எலுமிச்சைக்குப் பதியனையும் (தாய் மரத்தின் கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்த கன்று), மாவுக்கு ஒட்டுச்செடியையும் (வேறொரு கன்றின் வேர்ப்பகுதியோடு நல்ல ரகக் கிளையை இணைத்தது) வாங்குங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் 2 அடி அளவுக்குக் குழி எடுத்து, எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து நிரப்பி, ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் வேர்ப்பகுதியாக நின்ற அந்தச் செடியுடையது, நல்ல ரகத்துடையதல்ல. கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். முதல் ஆண்டில் வரும் பூக்களையும் கிள்ளிவிடுங்கள். மனம் கேட்காதுதான், ஆனால் அந்தச் சத்து வேருக்கும் கிளைக்கும் போய்ச் சேர்வதே மரத்துக்கு நல்லது. மரம் வளர வளர, நீரைத் தூரில் ஊற்றாமல் கிளை விரிந்திருக்கும் எல்லைக்குக் கீழே ஊற்றுங்கள்; நீரை உறிஞ்சும் இளவேர்கள் அங்கேதான் இருக்கின்றன.

கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும், அதனால் அறுவடைக்குப் பின் கவாத்து செய்தால் (கிளை நுனிகளை வெட்டிவிட்டால்) அடுத்த காய்ப்பு கூடும். எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போலத் தெரிவது பட்டாம்பூச்சியின் புழு. இளங்கன்றில் கையால் எடுத்துவிடலாம், பெரிய மரம் அதைத் தாங்கும். பப்பாளியை விதையிலிருந்தே வளர்க்கலாம். ஒரு குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு ஆண் மரத்தை அகற்றிவிட்டு நல்லதொன்றை நிறுத்துங்கள். பெண் மரங்களை மட்டும் வைத்திருந்தால் மகரந்தத்துக்காக அருகில் ஒரு ஆண் மரம் தேவைப்படும். இருபால் பூ பூக்கும் மரம் தனியாகவே காய்க்கும். பப்பாளித் தூரில் ஓரிரு நாள் நீர் தேங்கினாலே மரம் அழுகிவிடும்.

பறிப்பதும் விதை எடுப்பதும்

வெண்டையை இரண்டு நாளுக்கு ஒருமுறை, நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடியும் பருவத்தில் பறியுங்கள். கத்தரியைப் பளபளப்பு மங்குமுன், பீன்சை உள்ளே விதை புடைக்குமுன், வெள்ளரியை மஞ்சள் படருமுன் பறிக்க வேண்டும். ஒரு காயை முற்றவிட்டால் விதை உண்டாகிவிட்டதென்று செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். தக்காளி இளஞ்சிவப்பு படரத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தாலும் பழுக்கும். பறவையும் அணிலும் முந்திக்கொள்ளும் தோட்டங்களில் இதுவே நல்ல வழி.

அடுத்த பருவத்துக்கு விதை வேண்டுமென்றால் நாட்டு ரகச் செடிகளிலிருந்து எடுங்கள். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகத்தின் விதை அதே குணத்தோடு வராது. நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியில் முதல் சில காய்களுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே நூல் கட்டி ஒதுக்கிவிடுங்கள். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுக்கும் என்பதால், சாறோடு ஒரு கிண்ணத்தில் இட்டு இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவுங்கள். நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். பிறகு நிழலில் ஒரு தட்டில் பரப்பி ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரையும் எடுத்த நாளையும் எழுதி, ஈரம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.